மோனிக்காவின் சாப்பாட்டு மேசை

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. பெங்களூருவில் ஐ.டி. வேலை. புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பூசைக்கு உதவி செய்த பிள்ளை. இப்போது மூன்று வருடமாகக் கோயில் பக்கமே போவதில்லை. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தவன், “எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைம்மா” என்றான். கோபத்தில், “பூசைக்கு வராதவனுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது” என்று சொல்லிவிட்டேன். அன்று இரவே பஸ் ஏறிப் போய்விட்டான். நான்கு மாதமாகப் போன் இல்லை. நான் செய்தது தவறா? வளர்த்த வளர்ப்பெல்லாம் வீண்தானா?
*ஒரு தாய், நாகர்கோவில்*

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் செய்ததையே 1,600 வருடத்துக்கு முன்பே ஒரு தாய் கிட்டத்தட்ட இப்படியே செய்திருக்கிறாள். வேறு யாருமல்ல, ஆகஸ்ட் 27ஆம் தேதி நாம் திருநாள் கொண்டாடுகிற புனித மோனிக்காதான்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற ஊர் அவருடையது. மகன் அகுஸ்தினார் கார்த்தேஜுக்குப் படிக்கப் போனார். பத்தொன்பது வயது வாக்கில் மனிக்கேயர் என்ற, திருச்சபைக்குப் புறம்பான ஒரு மதக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். ஊர் திரும்பிய மகனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஒதுக்கிவிட்டார். இதை எழுதி வைத்ததே அந்த மகன்தான்.

அப்புறம் மோனிக்கா ஒரு கனவு கண்டார். ஒரு மரச் சட்டத்தின் மேல் அழுதுகொண்டு நிற்கிறார். ஒளி பொருந்திய ஓர் இளைஞர் வந்து, “கவலைப்படாதே, நீ இருக்கும் இடத்தில்தான் அவனும் இருக்கிறான், பார்” என்கிறார். திரும்பினால், அதே சட்டத்தின் மேல் பக்கத்தில் மகன். இந்தக் கனவைக் கேட்ட அகுஸ்தினார், “நீங்கள் என் பக்கம் வரப்போகிறீர்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம்” என்று வாதாடினார். பேச்சுக்கலை படித்தவர் அல்லவா! மோனிக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “அவன் இருக்கும் இடத்தில் நீ இருப்பாய் என்று சொல்லவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் இருப்பான் என்றுதான் சொன்னார்” என்றார். கனவைவிட இந்தப் பதில்தான் தன்னை அதிகம் அசைத்தது என்கிறார் மகன்.

அந்தக் கனவுக்குப் பிறகு மகனைத் தன் மேசைக்குச் சேர்த்துக்கொண்டார் மோனிக்கா. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மகன் அப்போது மாறியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்பது வருடம் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். சோறு முதலில் வந்தது, மனமாற்றம் வெகு காலம் கழித்து வந்தது.

இடையில் ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு பேசி அவன் தவற்றை எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயர் சின்ன வயதில் மனிக்கேயரிடம் வளர்ந்தவர், அவர்கள் புத்தகங்களைப் படித்துத் தானாகவே வெளியே வந்தவர். “இப்போது சொன்னால் ஏறாது. விட்டுவிடு. அவனுக்காக ஜெபம் மட்டும் செய். படித்து அவனே தெரிந்துகொள்வான்” என்றார். மோனிக்கா விடாமல் அழவும், கொஞ்சம் சலித்துப்போய், “போய் வா அம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போக முடியாது” என்று அனுப்பிவைத்தார். 387ஆம் வருடம் ஈஸ்டரில் மிலான் நகரத்தில் ஆயர் அம்புரோஸ் கையால் அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருடம் ஊர் திரும்பும் வழியில், ரோம் அருகே ஓஸ்தியா துறைமுகத்தில், 56 வயதில் மோனிக்கா கண்மூடினார்.

மோனிக்கா செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். மிலானில் மகனுக்கு வசதியான இடத்தில் பெண் பார்க்க முன்னின்றவர் அவர்தான். அந்தக் கல்யாணத்துக்காக, பல வருடம் அகுஸ்தினாரோடு வாழ்ந்து ஒரு மகனைப் பெற்ற பெண், பிள்ளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவளும் ஒரு தாய். அவள் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் நாம் யாரை நோகடிக்கிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை.

வளர்த்த வளர்ப்பு வீணா என்று கேட்டீர்கள். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எங்கள் அம்மா பீடி சுற்றியவள். திருநெல்வேலிப் பக்கம் சின்னக் கிராமம். சாயங்காலம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஜெபமாலை பிடிக்கக் கை இருக்காது. ஒரு பீடிக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’, பத்துப் பீடி ஆனதும் ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’. இப்படியே ஐம்பத்து மூன்று மணி ஜெபம் முடிந்துவிடும். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் பானையில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ, தெருவில் இல்லாதப்பட்ட ஒரு வீட்டுக்கோ போகும். எங்கள் வீட்டிலேயே அரிசி குறைந்த மாதங்களிலும் அந்தப் பிடி நிற்கவில்லை.

என் அண்ணன் பத்தொன்பது வயதில் கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு மும்பைக்கு ரயில் ஏறியவர். இப்போது வயது 71. இன்றுவரை கோயிலுக்குப் போவதில்லை. அம்மா அதற்காக அழுதாள், ஆனால் அவர் ஊருக்கு வந்தால் முதல் தட்டு அவருக்குத்தான். போன வருடம் மும்பையில் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் அவரே அரிசி களைந்தார். அதற்கு முன் ஒரு பிடி எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டார். “யாருக்கு அண்ணே?” என்றேன். “கீழே வாட்ச்மேன் வீட்டுக்கு. அம்மா போடுவாளே” என்றார். ஒரு நாள் அவர் கோயிலுக்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது, தினமும் அதற்காக ஜெபிக்கிறேன். ஆனால் அம்மா அவருக்குள் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவன் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே போன் போடுங்கள். “சோறு கிடையாது என்று சொன்னது தப்புடா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பூசையைப் பற்றிய பேச்சு அன்று வேண்டாம். அவன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். ஜெபமாலையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டு, அவனுக்குப் பிடித்த மீன் குழம்பை வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் கிறிஸ்தவர் இல்லை, தடுக்கவும் இல்லை. நான் ஒருத்தி மட்டும் சொல்லிக்கொடுத்தால் நான்கு வயது மகளுக்கு விசுவாசம் வருமா?
*வாசகி, திருச்சி*

பதில்: விவிலியத்தில் வரும், பவுலின் சீடரான தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர், அம்மா இயேசுவை நம்பிய யூதப் பெண். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாட்டி லோயியின் விசுவாசத்தையும் அம்மா யூனிக்கியின் விசுவாசத்தையும்தான் பெயர் சொல்லி நினைவுபடுத்துகிறார். தைரியமாகச் சொல்லிக்கொடுங்கள், கணவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். இரவு தூங்கும் முன் மகள் நெற்றியில் சிலுவை வரையும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.