கவிதையும் பாட்டும் யாருக்குச் சொந்தம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தென்காசியிலிருந்து ஓர் ஆசிரியை): ஐயா, பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகத்தில் கவிதை எழுதி வருகிறேன். முகநூலில் நான் வெளியிட்ட ஒரு கவிதையை, வேறொருவர் தம் பெயரில் யூடியூபில் வாசித்து வெளியிட்டிருக்கிறார். நான் காப்புரிமை பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை உண்டா? இனி எழுதுவதை எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உரிமை உங்களுடையதே, அதில் ஐயம் வேண்டாம். சொல்லில் மட்டும் ஒரு திருத்தம். காப்புரிமை என்பது கருவி, மருந்து போன்ற கண்டுபிடிப்புகளுக்கு அரசிடம் விண்ணப்பித்துப் பெறுவது. கவிதைக்கு உரியது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக ஒன்றை எழுதி முடித்ததுமே அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை மெய்ப்பிப்பது வேறு. பதிவுத் தபால் உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. ஒட்டாத உறையை அனுப்பிவிட்டு, தாளைப் பிறகு செருகியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் பதில் சொல்வது கடினம். அதைவிட வலுவான சான்று உங்களிடமே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் நகலைப் பார்த்தேன். மூன்றாம் வரியில் ‘மழை’ என்று எழுதி அடித்து, மேலே ‘தூறல்’ என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு ஓரத்தில் மறுபடி ‘மழை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். எடுத்துக்கொண்டவரிடம் முடிந்த வரி இருக்கும். இந்த அடித்தலும் திருத்தலும் இருக்காது. கணினியில் ஏற்றிவிட்டோமே என்று அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பதிவு செய்வதால் கிடைக்கும் பயன் என்னவென்றால், பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நோக்கில் சான்றாக ஏற்கும். அது பொய் என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடும். டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். யாரேனும் ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருந்த பிறகே பரிசீலனை தொடங்கும். கவிதைக்கு ஒன்றாகப் பணம் கட்டுவது உங்களைப் போன்றோருக்குக் கட்டுப்படியாகாது. தொகுப்பாக்கி, ஒரு தலைப்பிட்டு, தொகுப்பைப் பதிவதே நல்லது என்பது என் கருத்து.

இப்போது செய்யவேண்டியது: புகார் போன செய்தி தெரிந்தால் அவர் காணொளியை நீக்கிவிடக்கூடும். ஆகவே முதலில் காணொளியின் இணைப்பையும், அதில் தெரியும் பெயரையும் தேதியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து யூடியூபின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். அதில் பலன் இல்லையென்றால் வழக்கறிஞர் அறிவிப்பு, பிறகு வழக்கு. எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர இச்சட்டத்தின் 62ஆம் பிரிவு வழி செய்கிறது. ஊர் ஊராக அலைய வேண்டுமே என்று அஞ்சி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): திரைப்படம் சாராத ஓர் இசைத் தொகுப்புக்கு மூன்று பாடல்கள் எழுதினேன். ‘எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன், இனி எத்தொகையும் கோரமாட்டேன்’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மொத்தம் 5,000 ரூபாய் தருவார்களாம். போடலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். எழுதத் தெரிந்த எத்தனையோ பேர் இந்த ஒரு வரியில்தான் தங்கள் பாட்டை இழந்திருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் அடங்கியிருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு, அவை உங்களுடையவை. மெட்டு இசைப் படைப்பு, அது இசையமைப்பாளருடையது. இரண்டும் சேர்ந்து குரலோடு பதிவான ஒலிப்பதிவு தயாரிப்பாளருடையது. ‘எல்லா உரிமைகளும்’ என்ற சொல், வரிகளை உங்கள் கவிதைத் தொகுப்பில் அச்சிடும் உரிமையைக்கூட எடுத்துக்கொண்டுவிடும்.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் உங்களுக்கு ஒரு பெரிய அரண். ஒலிப்பதிவில் இடம்பெற்ற பாடல் பயன்படுத்தப்படும்போது வரும் உரிமைத்தொகையில் (ராயல்டி), உரிமையை வாங்கியவருக்குச் சமமாகப் பங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியர் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுகளுக்கோ, படைப்பாளிகளுக்காக இத்தொகையைத் திரட்டித் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றித் தரலாம். ‘இனி எத்தொகையும் கோரமாட்டேன்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அந்த அளவில் அது செல்லாது. திரைப்பாடலுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. திரையரங்கில் படத்தோடு ஓடும்போது மட்டும் பங்கு கேட்க முடியாது.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் பாடல், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகளில், எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். அதனால்தான் ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை அவ்வளவு கவனமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு ஒரு காலத்தை எழுதச் சொல்லுங்கள். அச்சில் வெளியிடும் உரிமை எனக்கே என்று ஒரு வரி சேருங்கள். ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையை மாற்றித் தந்த பிறகும், பாட்டை எழுதியவர் நீங்களே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

பாடல் வெளிவந்ததும் 1969இல் தொடங்கப்பட்டு மும்பையிலிருந்து இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிய தொகையைத் திரட்டிப் பிரித்துத் தருவது அதன் வேலை.

கேள்வி (ஈரோடு வாசகி): என் கவிதையின் தலைப்பை ஒரு படத்துக்கு வைத்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: தலைப்புக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் கூறிவிட்டது. கருத்துக்கும் இல்லை, அதை நீங்கள் சொன்ன விதத்துக்கே உண்டு.

கேள்வி (காரைக்குடி வாசகர்): பாரதியின் வரிகளை என் பாட்டில் பல்லவியாக வைக்க யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?

பதில்: யாரிடமும் வேண்டாம். பாரதியின் எழுத்துக்கான உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. வரிகள்தாம் பொது; அவற்றுக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டும், அது பதிவான இசைத்தட்டும் பொது அல்ல. நீங்கள் கேட்டுப் பழகிய மெட்டிலேயே பாட நினைத்தால் அந்த இசையமைப்பாளரின் அனுமதி வேண்டும். உங்கள் சரணத்தின் கீழ் உங்கள் பெயரையும், பல்லவியின் கீழ் பாரதியின் பெயரையும் தவறாமல் போடுங்கள்.