பயறு வகைகளில் மகசூலைக் கூட்ட மூடுபயிர், குறைந்த உழவு, யூரியா மூன்றும் சேர்ந்து உதவுமா?

மூன்றும் ஒரே பக்கம் இழுப்பவை அல்ல என்பதால் ஒன்றாகச் சேர்த்துப் போடாதீர்கள். முதலில் யூரியாவை ஒதுக்கி வைத்துவிட்டு யோசியுங்கள்.

உளுந்து, தட்டைப்பயறு, சோயா எல்லாவற்றின் வேர்முடிச்சிலும் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கைத் தருகிறது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும்; அந்த நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும். புது முடிச்சுகள் குறையும், இருப்பவையும் மந்தமாகும். இலை கரும்பச்சையாகத் தழைக்கும், ஆனால் காய் அந்த அளவுக்குக் கூடாது. முடிச்சுகள் வேலையைத் தொடங்க முதல் சில வாரங்கள் ஆகும் என்பதால், வளம் குறைந்த மண்ணில் அடியுரமாக ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிலோ தழைச்சத்து கொடுக்கலாம். அதற்கு மேல் தேவையில்லை. பீன்ஸ் மட்டும் விலக்கு. அது தழைச்சத்தைப் பிடிப்பதில் பலவீனமானது, உரம் போட்டால் பலன் தெரியும்.

சந்தேகமிருந்தால் பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். சும்மா பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால், அடுத்த முறை அந்தப் பயிருக்கேற்ற ரைசோபியத்தால் விதைநேர்த்தி செய்யுங்கள். மணிச்சத்தும் மண்ணின் அமிலத்தன்மையும் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். யூரியாவுக்கு வைத்திருந்த காசை இதற்குச் செலவழிப்பதுதான் என் கட்சி.

முக்கியப் பயிருக்கு முன் மண்ணை மூடி வளர்க்கும் மூடுபயிரில் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். பயறுக்கு முன் சணப்பை போன்ற பயறுக் குடும்பத்துப் பயிரை மடக்கி உழுதால் தழைச்சத்து சேரும்தான். ஆனால் பயறுக்கு அது பெரிதாகத் தேவையில்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் வேரழுகல் போன்ற நோய்கள் தொடரலாம். கம்பு, ஓட்ஸ் மாதிரி தானியப் பயிரின் தாள் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரேட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். மக்காச்சோளம் இதனால் வாடும். பயறுக்கோ முடிச்சு பிடிக்க இதுவே வசதி, களையும் அடங்கும். முக்கிய ஆபத்து தண்ணீர்ப் பற்றாக்குறை. மானாவாரியில் மூடுபயிர் ஈரத்தைக் குடித்துவிட்டால் பயறு காய்க்கும் நேரத்தில் தவிக்கும். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அதை மடக்கிவிடுங்கள்.

அப்புறம் உழவு. அடிக்கடி உழுதால் மண்ணின் மட்கு வேகமாகச் சிதைந்து நைட்ரேட் வெளிவரும். கொஞ்சம் யூரியா போட்ட கதைதான். உழவைக் குறைத்தால் ஈரம் தங்கும், வறண்ட பருவத்தில் மகசூலிலேயே வித்தியாசம் தெரியும். நீர் தேங்கும் களிமண்ணில் முளைப்பு பாதிக்கப்படலாம். அடியில் கடினத்தட்டு (இறுகிப்போன மண் அடுக்கு) இருந்தால் உழவைக் குறைப்பதால் மட்டும் அது சீக்கிரம் சரியாகாது. ஈரமண்ணில் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் முட்டி நின்றால், மண் காய்ந்தபின் ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டிவிட்டு அதற்குப் பிறகு உழவைக் குறையுங்கள்.