சுருக்கும் முன் ஆட்சியைப் பாருங்கள்

கேள்வி: கல்முனையில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1, ஜி(எக்ஸ்) = √(எக்ஸ் − 2) என்று தந்து, எஃப்∘ஜி, அதாவது எஃப்(ஜி(எக்ஸ்)) இன் ஆட்சியை (எக்ஸ் எடுக்கக்கூடிய பெறுமானங்களை) கேட்டிருந்தார்கள். சுருக்கினால் எக்ஸ் − 1 வந்தது. அதனால் எல்லா மெய்யெண்களும் என்று எழுதினேன். சேர் பிழை போட்டுவிட்டார். எதை முதலில் செய்வது என்பதிலும் எனக்குக் குழப்பம்.

பதில்: மகள், உங்கள் சுருக்கல் சரி, ஆட்சிதான் பிழை.

முதலில் ஒழுங்கு. புழுங்கலரிசிக்கு நெல்லை அவித்து, காயவைத்து, பிறகு மில்லில் குற்றுகிறோம். குற்றிவிட்டு அவித்தால் கிடைப்பது சோறு! சார்புகளும் அப்படித்தான், ஒழுங்கு மாறினால் விடையும் மாறும். முதலில் செய்வதை முதலில் சொல்வது தமிழின் வழக்கம். குறியீடோ எதிர்ப்பக்கமாக ஓடும். எஃப்(எக்ஸ்) என்று சார்பின் பெயரை இடப்பக்கம் வைக்கும் முறை 1734 இல் கணிதவியலாளர் ஒய்லர் கையாண்டது. பெயர் இடப்பக்கம் நிற்பதால், அடுத்து வரும் சார்பு இன்னும் இடப்பக்கம் போய் நிற்கிறது. ஆகவே எஃப்(ஜி(எக்ஸ்)) இல் எக்ஸுக்கு அருகே நிற்கும் ஜி தான் முதலில் வேலை செய்யும். 3 ஐப் போட்டுப் பாருங்கள்: ஜி(3) = 1, எஃப்(1) = 2. மற்றப் பக்கம் எஃப்(3) = 10, ஜி(10) = √8.

இனி ஆட்சி. ஈர நெல்லை மில்லில் குற்றமுடியாது. ஒரு வேலையில் இருந்து வெளிவருவது அடுத்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். அதனால் இரண்டு கேள்வி கேளுங்கள். எக்ஸை ஜி ஏற்குமா? வெளிவரும் ஜி(எக்ஸ்) ஐ எஃப் ஏற்குமா? எஃப் எதையும் ஏற்கும். ஜி ஏற்பது எக்ஸ் ≥ 2 ஐ மட்டும். உங்கள் விடைக்கும் அதுவே ஆட்சி. வர்க்கித்ததும் மூலக்குறி மறைந்தது, நிபந்தனை மறையவில்லை.

நம்ப முடியவில்லையா? உங்கள் விடையில் −5 ஐப் போட்டால் −6 வரும். கடைசியில் வேலை செய்வது எஃப். எக்ஸ்² + 1 ஒருநாளும் 1 இலும் குறையாது. அப்படியிருக்க −6 எங்கிருந்து வரும்? மெய்யெண்களில் ஜி(−5) என்பதே இல்லை. இந்தச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் புள்ளி இழக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையாகவே மனம் நோகும்.

ஜி∘எஃப் இல் சிக்கல் இரண்டாம் கேள்வியில் வரும்: எக்ஸ்² + 1 ≥ 2 ஆகவேண்டும். எனவே சார்பு √(எக்ஸ்² − 1), ஆட்சி எக்ஸ் ≤ −1 அல்லது எக்ஸ் ≥ 1.

கூட்டல், கழித்தல், பெருக்கலில் இவ்வளவு பாடு இல்லை. இரண்டு ஆட்சிக்கும் பொதுவான பகுதி போதும், இங்கே எக்ஸ் ≥ 2. எஃப்ஐ ஜி ஆல் வகுத்தால் மட்டும் ஜி(2) = 0 என்பதால் 2 விலகும், எக்ஸ் > 2 ஆகும்.

விடைத்தாளில் சுருக்கத் தொடங்குமுன்பே "எக்ஸ் ≥ 2" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கடைசி வரியில் "எஃப்(ஜி(எக்ஸ்)) = எக்ஸ் − 1, எக்ஸ் ≥ 2" என்று முடியுங்கள்.