கோட்டைப் பூங்காவில் மனசு அடங்கவில்லை என்றால் அமிர்தி

அமிர்திக்குப் போங்கள், வார நாளில், காலையில். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், சவ்வாது மலை அடிவாரத்தில் காட்டோடு சேர்ந்த சிறிய விலங்குக் காட்சிசாலை அது.

ஞாயிறு மாலை வேலூர்க் கோட்டைப் பூங்காவில் நடந்தும் அமைதி கிடைக்கவில்லை என்கிறீர்கள். நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஊரே அங்கே கூடும் பொழுது அது, பக்கத்தில் பஸ் ஹார்ன் வேறு. ஒரு புதன்கிழமை விடிகாலையில், போனை அணைத்துவிட்டு அதே அகழி ஓரம் நடந்து பாருங்கள். அப்போதும் இரைச்சல்தான் என்றால் அமிர்தியே சரி. அங்கே விலங்குக் கூண்டுகளோடு நின்றுவிடாதீர்கள். ஓடைப் பக்கம் மரநிழலில் நடந்தால் காலடிச் சருகு நொறுங்குவதுகூடத் தனியாகக் கேட்கும். அங்கேயே கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள், அவசரப்பட வேண்டாம்.

திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்கு விடாது. மழை பெய்திருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். வனத்துறை அனுமதியில்லாமல் பாதையை விட்டுக் காட்டுக்குள்ளும் போகாதீர்கள்.