ராயல் ஓக்: பெயர் வந்த கதை

கேள்வி: லண்டனில் படிக்கும் மகன் அனுப்பும் படங்களில் பல பப்களுக்கு ‘ராயல் ஓக்’ என்றே பெயர். ஏன்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: 1651 செப்டம்பரில் வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படையிடம் தோற்ற இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், பாஸ்கோபெல் காட்டில் ஓர் ஓக் மரத்தின் மேல் ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்தார். காட்டுக்குள் எதிரிப் படைவீரர்கள் தேடி அலைய, களைத்துப்போன அரசர் உடனிருந்த கேர்லஸ் என்ற அதிகாரி மேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1660இல் முடியாட்சி திரும்பி அவர் அரியணை ஏறியதும் ‘ராயல் ஓக்’, அதாவது அரசரின் ஓக் மரம், என்ற பெயர் பப்களுக்கு ஊர் ஊராகப் பரவியது. அப்புறம், நினைவுப்பொருளுக்காகக் கிளைகளை ஒடித்தே மரத்தை அழித்துவிட்டார்கள். இப்போது நிற்பது அதன் வாரிசாம். அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் சாய்ந்தபோது நான் அழுதேன். நல்லவேளை, விழுதுகள் தாங்கி நிற்கின்றன.