செயின் சா வெட்டுக் காயம்: பெட்டியில் என்ன, கையில் என்ன பழக்கம்?

திருவொற்றியூரில் மரம் வெட்டும் ஒப்பந்தப் பணி செய்கிறோம். வேனில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது; பஞ்சு, பிளாஸ்திரி, டெட்டால், கட்டுத்துணி எல்லாம் வைத்திருக்கிறோம். இது போதாதா?

சிராய்ப்புக்குப் போதும்; செயின் சா (சங்கிலி ரம்பம்) காயத்துக்குப் போதாது. ஓடும் சங்கிலி கத்தியைப் போல ஒரே கோடாக அறுப்பதில்லை. சதையைப் பிய்த்து, மரத்தூளையும் சங்கிலி எண்ணெயையும் காயத்துக்குள் ஏற்றிவிடுகிறது. தொடையிலோ மேற்கையிலோ பெரிய தமனி (ரத்தக்குழாய்) அறுபட்டால், 108 வண்டி வந்து சேர்வதற்குள் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடக்கூடும். ஆகவே, ரத்தத்தை நிறுத்தும் பொருள்கள்தான் பெட்டியின் மேல் அடுக்கில் இருக்க வேண்டும்: கை, காலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், திருகுகுச்சியுடன் கூடிய டூர்னிகே பட்டைகள் இரண்டு, காயத்துக்குள் திணிப்பதற்கான நீளமான காஸ் (மெல்லிய வலைத்துணி) சுருள்கள், அகலமான அழுத்தக் கட்டு, கால்சட்டைத் துணியை வெட்டக்கூடிய கத்தரிக்கோல், கையுறைகள், நேரம் குறிக்க ஒரு மார்க்கர். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டிக்குக் குறையக் கூடாது என்று வகுத்தது. அது கூரைக்குக் கீழே நடக்கும் வேலைக்குச் சரியான கணக்கு. சாலையோரம் கிளை வெட்டுபவருக்கு, எதிர்ப்புறம் நிற்கும் வேனில், மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும் சாவியால் பூட்டப்பட்ட பெட்டி இருந்தும் இல்லாததுதான். ரம்பத்தைப் பிடிப்பவரின் இடுப்புப் பையிலேயே ஒரு டூர்னிகேயும் ஒரு காஸ் சுருளும் இருக்கட்டும்.

அய்யா, வியாசர்பாடி மரவாடியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கயிறோ பெல்ட்டோ கட்டினால் ஆகாதா? இறுக்கிக் கட்டினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

கயிறும் கம்பியும் தோலையும் நரம்பையும் அறுக்குமே தவிர, ஆழத்தில் ஓடும் தமனியை அடைக்காது. பெல்ட்டைக் கையால் இழுத்து அந்த அளவுக்கு இறுக்கவும் முடியாது. முதலில் காயத்தின் மீது உள்ளங்கையால் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். ரத்தம் பீறிட்டாலோ, துணி நனைந்து சொட்டினாலோ, காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, முழங்கால் அல்லது முழங்கை மூட்டின் மேல் விழாதபடி டூர்னிகேயைப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். துணியின் மேலேயே போடலாம், ஆனால் பையைத் தடவிப் பாருங்கள்: கைப்பேசியோ, சங்கிலியைத் தீட்டும் அரமோ பட்டைக்கு அடியில் சிக்கினால் பிடிமானம் கிடைக்காது. காயம்பட்டவர் வலியில் அலறுவார். அதற்காக இளக்கிவிட்டால் நின்ற ரத்தம் மறுபடி பாயும். போட்ட நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுதி, அவிழ்ப்பதை மருத்துவரிடம் விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால், பொதுவாகக் காலுக்கு நிலையான கேடு வருவதில்லை.

இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் டூர்னிகே போட இடமில்லை. அங்கே காஸைக் காயத்தின் அடிவரை விரலால் திணித்து, மேலிருந்து விடாமல் அழுத்த வேண்டும். சங்கிலி எகிறிக் கழுத்தில் பட்டால் கையால் விடாமல் அழுத்துங்கள்.

விரல் துண்டானால் ஐஸில் போட்டு எடுத்துச் செல்லலாமா?

நேராகப் போடக் கூடாது. திசு உறைந்து கெட்டுவிடும். ஈரமாக்கிய சுத்தமான காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். வட சென்னைக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு: ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

பயிற்சி யாருக்கு, எங்கே?

செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. சேரும் முன்பே, டூர்னிகே போடுவதையும் காயத்தில் காஸ் திணிப்பதையும் கையால் செய்ய வைப்பார்களா என்று கேளுங்கள். முக்கோணக் கட்டு போடுவதோடு முடியும் வகுப்பால் உங்களுக்குப் பயன் குறைவு. குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அடிபடுபவர் அவராகவே இருந்துவிடலாம். ஆகவே குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தன் தொடையில் தானே ஒற்றைக் கையால் போட்டுப் பழக வேண்டும். பழகுவதற்குத் தனிப் பட்டை வாங்குங்கள். பலமுறை இறுக்கிய பட்டை வேளைக்குக் கைவிடும்.

மருத்துவமனைக்குப் போகும் வழியையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலி, எண்ணூர் சாலைகளில் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கும்போதும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கும்போதும் எந்த வழியாகப் போவது, 108-க்கு எந்த வாயிலை, எந்த அடையாளத்தைச் சொல்வது, யார் தெருமுனையில் நின்று வண்டியை அழைத்துவருவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரத்தம் நிற்கக் காப்பித்தூள் வைக்கலாமா?

வேண்டாம். மஞ்சளும் பெட்ரோலும் அப்படியே. தூள் ரத்தத்தை நிறுத்தாது. மருத்துவர் காயத்தைக் கழுவும் வேலையைக் கூட்டும். சிறிய வெட்டு என்றாலும் ஓடும் குழாய் நீரில் நன்றாகக் கழுவி, மூடி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.