முதுகுவலிக்கு 18,000 ரூபாய் டேபிள்: தவணையில் வாங்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 47 வயது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறார். நாள் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தே இருக்கும் வேலை. நாலு மாதமாக இடுப்பு பிடித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது வேலைக்குப் போக முடிவதில்லை. போனில் இன்வெர்ஷன் டேபிள் வீடியோ பார்த்துவிட்டு, அதில் கணுக்காலைப் பூட்டிக்கொண்டு தலைகீழாகச் சாய்ந்தால் சரியாகிவிடும் என்கிறார். ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு ஒன்றும் 9,500 ரூபாய்க்கு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். குரங்குச்சாவடி பக்கம் ஒருவர் பழையதை 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். மாத வருமானம் 28,000. வீட்டுச் செலவு 22,000, சீட்டுக்கு 3,000 போகிறது. பேங்கில் 40,000 இருக்கிறது. கொழுந்தனார் தன் கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையில், 12 மாதத்துக்கு, போட்டுத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?
- வாசகி, குகை, சேலம்

பதில்: சகோதரி, மூன்று விலையைச் சொல்லியிருக்கிறீர்கள். டாக்டரிடம் காட்டினீர்களா, அவருக்கு பிபி எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. 47 வயதுக்காரரைத் தலைகீழாகச் சாய்ப்பதற்கு முன்னால் அதுதான் முதலில் தெரிய வேண்டும். தலை கீழே போகும்போது ரத்த அழுத்தம் கூடும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடும். ரத்தக்கொதிப்பு, இதய நோய், க்ளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு, பக்கவாதம் வந்த சரித்திரம், எலும்பு அடர்த்தி குறையும் நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த டேபிள் அவருக்கு வேண்டாம். பிபி இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் எந்தக் கடைக்காரருக்கும் இன்னும் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த டேபிள் என்ன செய்கிறது? உடம்பின் எடையாலேயே முதுகெலும்பை இழுத்துவிட்டு, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுகளின் (டிஸ்க்) மேல் இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கிறது. பலன் உண்டா என்றால், 2012-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒரே ஒரு தட்டு பிதுங்கி, ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களை வைத்துச் செய்தது. டேபிளில் சாய்ந்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை, மற்றவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் மொத்தமே இருபத்துச் சொச்சம் பேர். அடுத்த வருடம், 2013-ல், முதுகை இழுத்துவிடும் சிகிச்சைகளைப் பற்றிய 32 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. சாதாரண முதுகுவலிக்கு அதனால் வலியில் பெரிய மாற்றம் இல்லை என்றுதான் வந்தது. ஆகவே சிலருக்கு இது கைகொடுக்கலாம், உங்கள் வீட்டுக்காரர் அந்தச் சிலரில் ஒருவரா என்பது பரிசோதிக்காமல் தெரியாது. அந்த நிச்சயமில்லாத ஒன்றுக்கு 40,000-ல் கிட்டத்தட்ட பாதியைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். என் கவலை அதுதான்.

உங்கள் வீட்டில் அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு, அதாவது 66,000 ரூபாய், கையில் இருக்க வேண்டும். இருப்பது 40,000. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. அவருக்கு முதுகே சரியில்லாத இந்த நேரத்தில், அந்தப் பணம் உங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்படும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும் என்பதால் நீங்கள் அதில் வர மாட்டீர்கள். வந்தாலும் அது மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான், வீட்டுக்கு வாங்கும் சாதனத்துக்குக் கிடையாது.

வட்டியில்லாத் தவணையையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 12 மாதத்துக்கு மாதம் 1,500. கணக்குச் சரிதானே என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு. பேங்க் வட்டி போடத்தான் போடுகிறது. அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுக்கிறார். 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 18,000-ல் சுமார் 1,380 ரூபாய் வட்டி. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 250 ரூபாய். அதை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். பிராசஸிங் கட்டணம் 199 என்றால், அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 485 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 3,000. அதில் பாதி ஒரு வருடத்துக்குக் கட்டுப்பட்டுப் போகும். வாரம் ஒரு நாள் கூலி போய்க்கொண்டிருக்கும் வீட்டில் அந்த மிச்சமும் நிச்சயமில்லை.

இப்போது என்ன செய்யலாம்? முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு போட்டு, பிபி, சர்க்கரை, முதுகு எல்லாவற்றையும் காட்டுங்கள். "டேபிளில் தலைகீழாகச் சாயலாமா" என்று நேராகவே கேளுங்கள். கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, இதில் எது இருந்தாலும் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். அப்புறம் பிசியோதெரபி. அங்கேயே காட்டலாம். கூட்டத்தில் நிற்க முடியாது என்றால் வீட்டுப் பக்கம் தனியாரிடம் போகலாம். ஒரு சிட்டிங் 400 ரூபாய் என்று வைத்தாலும் எட்டு முறைக்கு 3,200. அந்த எட்டு முறையில் கற்றுக்கொள்ளும் பயிற்சியை வீட்டிலேயே பாய் விரித்துச் செய்யலாம், அதற்குப் பிறகு காசு கிடையாது.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இரவில் ஐந்து நிமிடம் தலைகீழாகச் சாய்ந்துவிட்டு, பகலில் பத்து மணி நேரம் அதே தரையில் அதே குனிவில் உட்கார்ந்தால் முதுகு எப்படித் தேறும்? பட்டறை முதலாளியிடம் பேசி, வேலைப் பலகையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, சாய்மானம் உள்ள நாற்காலி போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஆசாரியிடம் சொல்லிப் பழைய மரத்தில் ஒரு உயரமான மேசை அடிக்க, அந்த டேபிள் விலையில் ஒரு பங்குதான் ஆகும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வரட்டும். பீஸ் குறையும் என்பார். வாரம் ஒரு நாள் முழுதாகப் போவதைவிட அது குறைவுதான். செலவு செய்வதென்றால் நான் முதலில் இதற்குத்தான் செய்வேன்.

இத்தனைக்கும் பிறகு, டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்றால், இரண்டு மூன்று மாதம் கழித்து டேபிளைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் உச்சவரம்பு 10,000 ரூபாய். அதுவும் ரொக்கமாக. 18,000 ரூபாய் மாடலில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் குஷன், சூடு தரும் பேட், அதிர்வு மோட்டார் மாதிரியான சமாச்சாரங்கள். முதுகை இழுப்பது அவருடைய எடைதான். நீங்கள் பார்க்க வேண்டியது கணுக்கால் பூட்டு. உடம்பு முழுக்க அதில்தான் தொங்கும். பூட்டின் பற்கள் தேயாமல் இருக்கிறதா, 'க்ளிக்' என்று விழுந்தபின் அசைத்தால் ஆடுகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சாய்மானத்தை இத்தனை டிகிரிக்கு மேல் போகாமல் நிறுத்தும் பட்டை கட்டாயம் வேண்டும். 136 கிலோ தாங்கும் என்று பல மாடல்களில் எழுதியிருக்கும். அவருடைய எடை அதைவிட நிறையக் குறைவாக இருக்க வேண்டும், அவருடைய உயரத்துக்கும் டேபிள் பொருந்த வேண்டும். அதோடு வீட்டில் இடம். டேபிள் சுழலும்போது தலைப்பக்கமும் கால்பக்கமும் சுவரிலோ பீரோவிலோ இடிக்கக் கூடாது. குகையில் பல வீடுகளில் முன்னறை அதற்குப் போதாது. வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

6,000 ரூபாய்ப் பழையது? போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. துரு, வளைந்த கம்பி, மாற்றுப் போல்ட், பிய்ந்த ஃபோம், இதில் ஏதாவது இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நன்றாக இருந்தால் 4,500-க்குக் கேளுங்கள். அவருக்கும் அது இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். ஆன்லைனில் புதிது வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கொழுந்தனார் விஷயம். நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் கார்டு அவர் பெயரில். உங்கள் வீட்டில் கூலி வராத ஒரு மாதம் தவணை தவறினால் அபராதமும் சிபில் மதிப்பெண் சரிவும் அவருக்குத்தான். கார்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டேபிள் வாங்கும் நாள் வந்தால் வேறொரு உதவி கேட்கலாம். ஆரம்பத்தில் 15, 20 டிகிரிக்கு மேல் சாயாமல், ஒன்றிரண்டு நிமிடம்தான் இருக்க வேண்டும், தனியாக ஏறவே கூடாது. முதல் இரண்டு வாரம் கொழுந்தனார் சாயங்காலம் வந்து பக்கத்தில் நின்றால் போதும்.